இரண்டாவது டிஸ்க்கை மாட்டியவர்

தெரியாதது என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாக அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் "தெரியும்" என்பார். பல நேரம் நாம் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

பேர் எழுத மாட்டேன். அவர் பிள்ளைகள் இப்போதும் மதுரையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மில்லில் எல்லோரும் கூப்பிட்டது போல சார் என்றே எழுதுகிறேன். மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம், நாக்குக்குப் பழகிப்போச்சு. தினமும் காலையில் விளக்கேற்றி, வேண்டாதவனுக்கும் நல்லதைக் கொடு தாயே என்று கும்பிடுகிறவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு மனுஷன் முகம் வரும்போது மட்டும் கும்பிட்ட கை இறுகிப்போகிறது. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் மில் வாசல் பஸ் நிறுத்தத்தில் ஒரு வயசான புருஷன் பெண்டாட்டி, கையில் ஒரு கோழியோடு நின்றுகொண்டு, "பரவைக்கு எந்த பஸ்ஸுய்யா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சார், வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, "இதான், ஏறுங்க, ஏறுங்க" என்று கோழியை வாங்கி உள்ளே கொடுத்து ஏற்றியே விட்டார். அது மேலூர் பஸ். பரவை ஒரு திக்கு, மேலூர் நேர் எதிர்த்திக்கு. பஸ் கிளம்பின பிறகு, "சார், அது மேலூர் போறதுல்ல?" என்றேன்.

"தெரியும்யா. மேலூர் போயிட்டு அங்கேயிருந்து வந்தா உட்கார இடம் கிடைக்கும்."

கண்கூடச் சிமிட்டவில்லை. அன்றைக்கு நான் சிரித்தேன். வீட்டில் போய்ச் சொல்லி என் பெண்டாட்டியையும் சிரிக்க வைத்தேன். அந்தக் கிழவனும் கிழவியும் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார்களோ என்று இப்போது நினைக்கிறேன்.

மில் பிள்ளையார் கோயிலில் ஒருதரம் குருக்கள் அர்ச்சனை முடித்துத் தட்டை நீட்டும்போது, "சாமி, நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க" என்றார் சார்.

குருக்கள் பதறிப்போய், "எந்த வரி சார்?" என்றார்.

"உங்களுக்கே தெரியும்" என்று விபூதியைப் பூசிக்கொண்டு போய்விட்டார். பாவம், குருக்கள் மூன்று நாள் அந்த வரியைத் தேடினார். பிள்ளையாருக்கே தெரியாத வரி.

இதையும் சொல்லியாக வேண்டும்: எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கொடுத்தவர் அவர்தான். நான் எட்டாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, நூல் பேல் கட்டுகள் மீது சாயத்தால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தவன். எண்பத்தைந்தில் கம்ப்யூட்டர் வந்து அதற்கு அவரைப் பொறுப்பாகப் போட்டபோது, "டைப்பு தெரிஞ்சவன் யாருய்யா?" என்று கேட்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டார். வெயிலிலும் பஞ்சுத் தூசியிலும் கிடந்தவனை ஏ.சி. அறைக்குள் உட்கார வைத்தார். என் மூத்தவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கெட்ட மனுஷன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடிந்தால் என் கோபமும் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மெஷினை வைக்க மெட்ராசிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். அது ஓடுகிற முறைக்கு யூனிக்ஸ் என்று பேர். மூன்று மணி நேரம் இங்கிலீஷில் விளக்கினார். சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வரி குறித்துக்கொள்ளவில்லை. "எனி டவுட்?" என்று அந்தப் பையன் கேட்டபோது சார் சிரித்த சிரிப்பு, அவன் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டது போல இருந்தது. மறுநாளிலிருந்து மெஷினின் கனத்த புஸ்தகத்தைத் தினத்தந்தித் தாளில் சுற்றிக்கொண்டு பஞ்சு குடோனுக்குப் பின்னால் போவார். அரை மணி கழித்து வந்து, ஏதோ பிறக்கும்போதே தெரிந்தது போல டைப் அடிப்பார். படிப்பதில் என்ன வெட்கம்? நான் ஒருநாள் டீ கொண்டுபோய், அவர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து விரலை வரிமேல் வைத்து வாசிப்பதைப் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்கள் வேலை இதுதான். ஷிப்டுக்கு வருகிறவர்கள் கேட்டில் ஒரு அட்டையில் டோக்கன் நம்பர் பதிந்துவிட்டு வருவார்கள். அந்த அட்டைகளைப் பார்த்து நான் ஏற்ற வேண்டும். மாதத்துக்கு ஒரு ஃபைல். ஏற்றி முடித்த அட்டை மாதக் கடைசியில் பாய்லருக்குள் போகும். டைம் ஆபீசில் முன்பு எழுதிவந்த வருகைப் புஸ்தகத்தையும் நிறுத்தச் சொன்னவர் சார்தான். "எல்லாம் உள்ளே இருக்கு. எதுக்கு ரெண்டு வேலை?"

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி, நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் பதிலி வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள். நிரந்தர ஆள் வராத அன்றைக்கு வந்து நிற்கிறவர்கள்தான் பதிலி. இரண்டு வருஷத்தில் நானூற்றி எண்பது நாள் நின்றிருந்தால் அவர்களைப் பெர்மனென்ட் ஆக்கியாக வேண்டும். பெர்மனென்ட் ஆன ஆளின் வீட்டில் யாருக்கு நோய் என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மில்லே சீட்டு எழுதிக் கொடுக்கும். அவள் புருஷன் வேறொரு மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் நின்று நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடந்தான். இரும ஆரம்பித்தால் தெருமுனைக் குழாயடி வரைக்கும் கேட்கும். அந்தச் சீட்டுக்காகத்தான் அவள் காய்ச்சலோடும் ஷிப்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, என் நாளெல்லாம் விடாம ஏத்துறீகளா?" என்பாள் குழாயடியில்.

"ஒரு நாளு விடல தாயி. மெஷினுக்குள்ள பத்திரமா இருக்கு."

இருந்தாலும் அவள் வேலைக்குப் போன நாளின் காலண்டர் தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைத்தாள். "ஒங்கள நம்பாம இல்லண்ணே. இது என் மனசுக்கு."

எண்பத்தெட்டு வைகாசியில் மெஷின் நிரம்பிவிட்டது. அட்டையை ஏற்ற ஏற்ற, இடமில்லை, இடமில்லை என்று திரையில் எழுத்து வந்தது. புது டிஸ்க் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. மாட்டிக்கொடுக்க எஞ்சினியர் திங்கட்கிழமை வருவதாகத் தந்தி வந்தது. சார் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவன் எதுக்கு? எனக்குத் தெரியும்" என்றார். வர வேண்டாம் என்று பதில் தந்தியும் கொடுத்துவிட்டார்.

நான் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் சுற்றினேன். சூடம் மட்டும் உள்ளே கொளுத்தக் கூடாது என்று வெளியே கொளுத்திக் காட்டினேன். சார் கேபிளை மாட்டி, என்னென்னமோ அடித்து, மத்தியானத்துக்குமேல் புது டிஸ்க்கை மெஷின் ஏற்றுக்கொள்ள வைத்துவிட்டார். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்.

பிறகு நடந்ததை, பின்னால் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். அந்த மெஷினில் எல்லாம் ஒரு பெரிய வீட்டின் அறைகள் போல. ஒவ்வொரு அறைக்கதவிலும் ஒரு பேர் எழுதியிருக்கும். புது டிஸ்க் என்பது புதிதாகக் கட்டின காலி அறை. அதற்குப் புதிதாக ஒரு கதவு வைத்து, பழைய அறையில் உள்ளதை அங்கே நகல் எடுத்துக்கொண்டு, பிறகு பேரை மாற்ற வேண்டும். சார் என்ன நினைத்தார் என்றால், 'வருகை' என்று எழுதின கதவுக்கே புது அறையை வைத்துவிட்டால் அந்த அறை பெரிதாகிவிடும் என்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டியை இணைக்கிற மாதிரி. வைத்தார். கதவைத் திறந்தால் காலி. மூன்று வருஷத்து நாட்கள் ஒன்றுகூட இல்லை.

அவர் முதுகில் சட்டை நனைந்துவிட்டது, அந்தக் குளிரிலும். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, "பழைய டிஸ்க்குல அந்த இடம் பழுதாயிருச்சு. போனது போனதுதான்" என்றார். அன்று சாயங்காலம் வழக்கம்போல டேப்பில் நகல் எடுத்தார். எங்களிடம் இருந்தது ஒரே டேப். பழைய நகலுக்கு மேலேயே காலி அறை போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் சாமி முன்னால் நின்றும் அதைச் சொல்வேன். கையைத் தூக்கி, "யோவ், எனக்குப் புரியல, அந்த எஞ்சினியருக்குப் போன் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திங்கட்கிழமை எல்லாம் சரியாகியிருக்கும். அதற்குப் பதிலாக மேனேஜருக்கு எழுதியே கொடுத்தார், டிஸ்க் பழுது என்று. மேனேஜருக்குக் கசக்குமா? ஆனியில் இருபத்திரண்டு பதிலிகள் பெர்மனென்ட் கேட்க இருந்தார்கள். ஆதாரமில்லை என்று அத்தனை பேரையும் நிறுத்தினார்கள். அவள் காலண்டர் தாளைக் கம்பியோடு கொண்டுபோய் பர்சனல் ஆபீஸ் மேஜையில் வைத்தாள். "என்னம்மா, ராகுகாலம் பார்க்கவா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

குழாயடியில் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அவள் புருஷன் செத்துப்போனான். அதற்குப் பிறகு வீட்டைக் காலி செய்து பரவையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த மாதங்களில் சாரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கரண்டு போய் மெஷின் அணைந்து திரும்ப ஏற்றும்போது, எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்புவார். "ஆள் நடமாட்டம் இருந்தா தூசி போயிரும். போங்க, போங்க." கதவைச் சாத்திக்கொள்வார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறப்பார். நாங்கள் செருப்புப் போடாமல் வெளியே வரிசையாக நிற்போம். அப்போது கதவுக்குள் என்ன நடந்தது என்று தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

தையில் அவர் மச்சினன் கல்யாணம். மேலூரில் மண்டபம். அன்று பதினோரு மணிக்குக் கரண்டு போய் பன்னிரண்டரைக்கு வந்தது. இரண்டாவது ஷிப்ட் அட்டைகள் குவிந்து கிடந்தன. சாருக்கு ஏன் தொந்தரவு என்று நானே மெஷினைப் போட்டேன். ஏறியது. வருகைக் கதவைத் திறந்தேன்.

எண்பத்தைந்து ஐப்பசி. கார்த்திகை. மார்கழி. வரிசையாக, என் கையால் ஏற்றின மாதங்கள் எல்லாம் நின்றன.

செத்துப்போனது எழுந்து வந்தால் வேறென்ன நினைப்பேன்? நாற்காலியை விட்டு எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். மறுபடி மறைந்துவிடுமோ என்று பயந்து, முதலில் ரீலிங் பதிலிகள் பட்டியலை மாதம் மாதமாக பிரிண்டருக்குக் கொடுத்தேன். அது கடகடவென்று தாளைத் தள்ள ஆரம்பித்தது. அப்புறம்தான் கவனித்தேன், வைகாசிக்குப் பிறகு ஏற்றின மாதங்களைக் காணோம். ஓடிப்போய் மண்டபத்துக்குப் போன் போட்டேன்.

"சார், இந்த எட்டு மாசத்தைக் காணோம் சார். ஆனா பழசெல்லாம் வந்திருச்சு! அம்புட்டும் வந்திருச்சு சார்! ஆத்தா காப்பாத்திட்டா!"

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, "எதையும் தொடாத. நான் வர்றேன்" என்றார்.

பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு டாக்சியில் வந்து இறங்கினார். பிரிண்டர் சத்தம் வாசலிலேயே கேட்டிருக்கும்.

"யாரைக் கேட்டுய்யா ஆன் பண்ணுன?"

"அட்டை கெடந்துச்சு சார்..."

"பிரிண்டரை நிறுத்து."

"இன்னும் நாலு மாசந்தான் சார் இருக்கு."

"நிறுத்துங்கிறேன்ல!"

நான் நிறுத்தவில்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தார். யோசிக்கவில்லை, புஸ்தகம் பார்க்கவில்லை. பலதரம் அடித்துப் பழகின கை. பிறகு கதவைத் திறந்து காட்டினார். பழைய மாதங்கள் இல்லை. புது எட்டு மாதமும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆத்தாளும் இல்லை, அற்புதமும் இல்லை. மெஷின் அணைந்தால் சார் வைத்த புது அறை விலகிவிடும்; திரும்ப ஏறும் ஒவ்வொரு முறையும் பழைய அறை தானாகத் திறந்து கிடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த மனுஷன் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த நாட்களைக் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே மேலே புது டிஸ்க்கை வைத்து மூடியிருக்கிறார். எட்டு மாதத்தில் எத்தனை தடவை கரண்டு போயிருக்கும் மதுரையில்?

"சார், இது கீழயேதான் இருந்துச்சா?"

அவர் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார். "தெரியாது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அதுவும் பொய்.

என் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தினமும் காலையில் ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று லாங் சைஸ் நோட்டில் எழுதுவது என் வேலை. பழைய டிஸ்க் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அழிந்துபோயிருந்தால் அது குறைந்திருக்க வேண்டாமா? எட்டு மாதம் அதே தொண்ணூற்றாறை என் கையெழுத்தில் எழுதினேன். ஏன் சார் குறையவில்லை என்று ஒருநாள் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

கொடுத்திருந்த பட்டியல் முழுக்க வந்து பிரிண்டர் தானாக நின்றதும் தாள்கட்டை அணைத்துக்கொண்டேன். சார் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இந்தா பாரு. நான் கஷ்டப்பட்டு மீட்டு எடுத்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்றேன். அவங்களுக்கும் வேலை கிடைக்கும். உனக்கும் இந்த நாற்காலி இருக்கும். ரெண்டு பொம்பளப் பிள்ளை வச்சிருக்க. யோசி."

யோசித்தேன். தலையை ஆட்டினேன். ஆட்டின தலையை வெட்டிப் போடலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

யூனியன்காரர்கள் அந்தத் தாளை வைத்து மல்லுக்கட்டி, பங்குனிக்குள் இருபத்திரண்டில் பதினாலு பேரைத் திரும்ப எடுக்க வைத்தார்கள். நம் நாட்களை மீட்டுக் கொடுத்த மகராசன் என்று அந்த ஜனங்கள் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து சார் கழுத்தில் போட்டார்கள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றார். நான் கைதட்டவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்த வீரம்.

அந்தப் பதினாலு பேரில் அவள் பேரும் இருந்தது. வரவில்லை என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு மண்டிக்கு முன்னால் சாக்கை விரித்து, அழுகின வெங்காயத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்றாள். உட்காரச் சாக்கைத் தள்ளிப் போட்டாள். ஆர்டர் வந்திருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

அவளிடமாவது மறைக்கக் கூடாது என்று, நடந்ததையெல்லாம் சொன்னேன். கதவு, அறை, கரண்டு போனது, அந்த ஒரு வரி. அவள் வெங்காயத்தைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப, இவரு இருமிக்கிட்டுக் கெடந்தப்ப எல்லாம் என் நாளு அங்கனயேதான் இருந்துச்சாண்ணே?"

"ஆமா தாயி."

"அந்த சாருக்குத் தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"மத்தியானம் சோறு கொண்டாருவாராண்ணே?"

எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"அந்த சாருதான். சோறு கொண்டாந்து அங்கனயே உக்காந்து சாப்புடுவாரா?"

"சாப்புடுவாரு."

"முழுசாவா?"

எட்டு மாதமும் நான்தான் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காரியர் மூடியில் எனக்கு ரசம் ஊற்றித் தருவார். மோர்மிளகாயில் பாதியைக் கிள்ளி என் பக்கம் வைப்பார்.

"முழுசாத்தான் தாயி" என்றேன்.